ஜென்னிப் பாட்டியைப் பிறந்த வீட்டுப் பெயரில் தேடுங்கள்

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். என் கணவர் அமெரிக்கர். அவருடைய அம்மாவழிக் குடும்பம் இத்தாலியிலிருந்து வந்தது. என் மாமியாருக்குத் தன் அம்மாவைப் பெற்ற பாட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை. எல்லாரும் அவரை ஜென்னி என்றுதான் கூப்பிட்டார்களாம். சொந்த ஊர் 'நேப்பிள்ஸ்' என்கிறார்கள். ஜென்னியின் கணவர் முதலில் நியூயார்க் வந்துவிட்டார். 1909 வாக்கில் மூன்று நான்கு வயது மூத்த மகனோடு ஜென்னி கப்பலேறி வந்தார். மாமியாரின் அம்மா 1912இல் புரூக்ளினில் பிறந்தவர். ஜென்னி 1946இல் காலமானார். அடுத்த வருடம்தான் மாமியார் பிறந்தார், அதனால் பாட்டியைப் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன் ஜென்னியின் குடும்பப் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. நியூயார்க்கில் கப்பலில் வந்து குடியேறுகிறவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்கிறார்கள். பயணிகள் பட்டியலில் கணவரின் குடும்பப் பெயரைப் போட்டு எத்தனையோ தடவை தேடிவிட்டோம், ஒன்றும் வரவில்லை. கணவர் 1919இல் குடியுரிமை வாங்கிய சான்றிதழ் மட்டும் வீட்டில் இருக்கிறது. மாமியாருக்கு நினைவிருக்கும் இன்னொரு விஷயம்: புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் ஒரு பெரிய கோபுரத்தை ஆண்கள் தோளில் தூக்கி ஆடும் திருவிழாவுக்கு ஒவ்வொரு ஜூலையும் அவருடைய அம்மா தவறாமல் கூட்டிப்போவார். செப்டம்பரில் நேரே நேப்பிள்ஸுக்கே போய்த் தேடலாமா என்று டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டிக்கெட்டை இப்போது போடாதீர்கள். இத்தாலியில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் ஊர்வாரியாகப் பதிவானவை. ஒவ்வொரு ஊருக்கும் கொமூனே என்ற உள்ளாட்சி, அதற்கென்று தனிப் பதிவேடு. நாடு முழுவதற்கும் சேர்த்த ஒரே பெயர்ப்பட்டியல் அந்தக் காலத்துக்குக் கிடையாது. ஊரும் பிறந்த வீட்டுப் பெயரும் தெரியாமல் போனால் நேப்பிள்ஸைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அந்த இரண்டு தகவலும் நீங்கள் இருக்கும் பக்கத்திலேயே, அமெரிக்கக் காகிதங்களில் கிடைக்கும். அதுவும் பெரும்பாலும் ஜென்னியின் பெயரில் உள்ள காகிதங்களில் அல்ல, அவருடைய கணவர், மகன், மகள் பெயரில் உள்ளவற்றில்.

கப்பல் பட்டியலில் அவர் ஏன் அகப்படவில்லை என்பதற்குக் காரணம் எளிது. இத்தாலியில் ஒரு பெண் கல்யாணமானாலும் அரசு ஏடுகளில் தன் தகப்பனார் வீட்டுக் குடும்பப் பெயரோடுதான் இருப்பார். சாகும்வரை அதே பெயர்தான். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் அவருடைய கடவுச்சீட்டைப் பார்த்து எழுதியபோதும் பெரும்பாலும் அந்தப் பெயரைத்தான் எழுதினார்கள். நீங்கள் கணவரின் பெயரைப் போட்டுத் தேடினீர்கள். அந்தப் பெயரில் அவர் பயணம் செய்திருக்கமாட்டார்.

அப்படியானால் பிறந்த வீட்டுப் பெயர் தெரியாமல் எப்படித் தேடுவது? மகனைத் தேடுங்கள். குழந்தைக்குத் தகப்பனாரின் குடும்பப் பெயர்தான். 1909ஐச் சுற்றி முன்னும் பின்னும் இரண்டிரண்டு வருடம் வைத்துக்கொண்டு, மூன்று நான்கு வயதுப் பையனை அவன் அப்பாவின் குடும்பப் பெயரில் தேடுங்கள். கிடைத்ததும் அவனுக்கு மேல் வரியில் இருக்கும் பெண் யார் என்று பாருங்கள். 22, 25 வயதில், வேறொரு குடும்பப் பெயரோடு, மணமானவர் என்ற குறிப்போடு இருப்பார். அநேகமாக அவர்தான் ஜென்னி. எழுத்துக்கூட்டல் உதைத்தால் இணையத்தில் ஸ்டீவ் மோர்ஸின் ஒன்-ஸ்டெப் தேடல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரின் முதல் சில எழுத்துகள், வயது, ஊர் என்று துண்டு துண்டாகக் கொடுத்துத் தேட அது வசதியானது.

எல்லிஸ் தீவில் பெயரை மாற்றினார்கள் என்ற கதை கிட்டத்தட்ட எல்லா இத்தாலியக் குடும்பத்திலும் இருக்கிறது. அது நடந்ததல்ல. பட்டியலை எழுதியது கப்பல் கம்பெனியின் குமாஸ்தா, அதுவும் புறப்படும் துறைமுகத்திலேயே. எல்லிஸ் தீவு அதிகாரி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மொழி தெரிந்த உதவியாளரோடு கேள்வி கேட்டுச் சரிபார்த்தார், அவ்வளவுதான். பெயர்கள் மாறியது பின்னால், பள்ளிக்கூடத்திலும் வேலை இடத்திலும் அக்கம்பக்கத்திலும். பெரும்பாலும் அவர்களே மாற்றிக்கொண்டார்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பெயர் மாறிவிட்டது என்று நம்புகிறவர்கள் பழைய பெயர் எங்கேயும் இருக்காது என்று தேடலையே விட்டுவிடுகிறார்கள். இருக்கும். ஜென்னி என்பது அமெரிக்காவில் ஒட்டிக்கொண்ட பெயர். ஞானஸ்நானப் பெயர் ஜொவான்னாவாக இருக்கலாம், வின்சென்சாவாக இருக்கலாம். நேப்பிள்ஸ் பக்கம் என்பதால் அந்நகரின் காவல் புனிதர் ஜென்னாரோவின் பெயரை ஒட்டிய ஜென்னாராவாகவும் இருக்கலாம். ஒன்றில் மட்டும் நின்றுவிடாதீர்கள்.

பட்டியல் கிடைத்தால் அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். 1907 முதல் அது இரண்டு பக்கமாக விரியும் தாள். கணினியில் முதல் பக்கம் மட்டும்தான் முதலில் திறக்கும். பலரும் அதோடு போய்விடுகிறார்கள். முதல் பக்கத்தில் சொந்த நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் ஊரும் இருக்கும். ஜென்னியின் வரியில் 'பாத்ரே' என்று போட்டு ஒரு ஆணின் பெயர் இருந்தால் அது அவருடைய அப்பா. அடுத்த பக்கத்தில் யாரிடம் போகிறார், எந்தத் தெரு, கையில் எவ்வளவு பணம், உயரம் எவ்வளவு, கண் என்ன நிறம் என்றெல்லாம் இருக்கும். கடைசிக் கட்டத்தில் பிறந்த ஊர். உங்கள் மாமியார் பார்த்தேயிராத பாட்டியின் உயரமும் தலைமுடியின் நிறமும் அந்த ஒரு வரியில் கிடைத்துவிடும். அதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. பெயருக்கு இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தையோடு தனியாக வந்த பெண்ணை, கணவர் நேரில் வரும்வரை அல்லது தகவல் வரும்வரை, தீவைவிட்டு விடமாட்டார்கள். அப்படி நிறுத்திவைத்தவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அந்தக் கப்பலின் தாள்கள் முடியும் இடத்தில் சேர்த்திருப்பார்கள். காரணம் என்ற இடத்தில் 'கணவரிடம்' என்று இருக்கும். கணவரின் பெயர், முகவரி, எத்தனை மணிக்கு விட்டார்கள், அதுவரை எத்தனை வேளை சாப்பாடு போட்டார்கள் என்பதுவரை எழுதியிருப்பார்கள். ஜென்னியின் பெயரும் கணவரின் பெயரும் ஒரே வரியில் சேர்ந்து வரும் இடம் அது. வேறு குடும்பப் பெயரில் இருக்கும் இந்தப் பெண் உங்கள் ஜென்னிதான் என்று உறுதிசெய்ய அதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது கஷ்டம்.

இப்போது வீட்டிலிருக்கும் குடியுரிமைச் சான்றிதழுக்கு வருவோம். ஜென்னிக்கென்று தனியாக ஒன்று இருக்குமா என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1922 செப்டம்பர் 22இல் கேபிள் சட்டம் வரும்வரை, கணவர் அமெரிக்கக் குடிமகனானால் மனைவியும் தானாகவே குடிமகள். மனு போட வேண்டியதில்லை, சத்தியம் செய்ய வேண்டியதில்லை, அதனால் காகிதமும் இல்லை. கணவர் 1919இல் வாங்கிவிட்டார்; அன்றைக்கே ஜென்னியும் குடிமகள். இதே காரணத்தால் 1940இல் வெளிநாட்டவர் எல்லாரும் கைரேகை வைத்துப் பதிவுசெய்ய வேண்டிவந்தபோதும் அவர் போயிருக்கமாட்டார். அந்தப் பதிவு இருந்திருந்தால் நமக்குப் பெரிய புதையலாக இருந்திருக்கும். ராணுவப் பதிவு அட்டை பெண்களுக்கு இல்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை நாடு முழுவதற்கும் 1920இல்தான் வந்தது. வீட்டிலேயே உட்கார்ந்து கோட்டுக்கு ஓரம் தைத்துக் கொடுத்துக் காசு சம்பாதித்த எத்தனையோ இத்தாலியப் பெண்களுக்கு மக்கள்தொகைக் கணக்கில் தொழில் 'இல்லை' என்றே எழுதியிருக்கிறார்கள். ஜென்னிக்கும் அப்படி இருந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

ஆனால் சான்றிதழ் வேறு, மனு வேறு. உங்களிடம் இருப்பது சான்றிதழ். அதற்கு முன்னால் கணவர் நீதிமன்றத்தில் கொடுத்த மனு அங்கேயே தங்கிவிட்டது. சான்றிதழில் இருக்கும் எண்ணை வைத்து அதைக் கேட்டு வாங்கலாம். 1906 செப்டம்பருக்குப் பிறகு அந்த மனு நாடு முழுதும் ஒரே அச்சுப் படிவமாகிவிட்டது. மனைவியின் பெயர், அவர் பிறந்த இடம், ஒவ்வொரு குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம் எல்லாம் அதில் கேட்டிருக்கிறார்கள். மனைவியின் இடத்தில் 'இத்தாலி' என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தாலும் மூத்த மகன் பிறந்த ஊரை எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த மகனின் 1940ஆம் வருட ராணுவப் பதிவு அட்டையிலும், ஜென்னியின் கணவரின் 1942ஆம் வருட அட்டையிலும் பிறந்த இடம் கேட்டிருப்பார்கள். மூன்றையும் எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

பிறந்த வீட்டுப் பெயருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. நியூயார்க் நகர ஆவணக் காப்பகம் 2022 முதல் பழைய சான்றிதழ்களின் படங்களை இணையத்தில் இலவசமாகவே கொடுக்கிறது: இறப்பு 1948 வரைக்கும், திருமணம் 1949 வரைக்கும். ஜென்னியின் 1946 இறப்புச் சான்றிதழ் அதற்குள் வருகிறது. அதில் அவருடைய அப்பா பெயரும் அம்மா பெயரும் இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தகவலைச் சொன்னவர் யார் என்றும் பாருங்கள். துக்கத்தில் இருந்த மகனோ மருமகனோ, தாங்கள் பார்த்தே இராத தாத்தா பாட்டியின் பெயரைச் சொல்லியிருப்பார்கள், தப்பாகவும் இருக்கலாம். மாமியாரின் அம்மா நியூயார்க் நகரத்தில் கல்யாணம் செய்திருந்தால் அந்தச் சான்றிதழையும் எடுங்கள். மணமகளின் தாயார் கல்யாணத்துக்கு முன் என்ன பெயர் என்று அதில் கேட்டிருப்பார்கள். அந்தப் பதிலை நான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் ஜென்னி அப்போது உயிரோடு இருந்திருப்பார், மகள் அவரிடமே கேட்டிருக்கலாம். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கத்தோலிக்கக் கோயிலின் பதிவேட்டிலும் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். கூடவே ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்கள். அவர்கள் பெரும்பாலும் உறவுக்காரர்கள் அல்லது ஒரே ஊர்க்காரர்கள், குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது திருவிழாவைப் பற்றிய அந்த இரண்டு வரி. வில்லியம்ஸ்பர்க்கில் தோளில் தூக்கி ஆடும் கோபுரத்துக்கு ஜீலியோ என்று பெயர். நம் ஊர்ச் சப்பரம் போலப் பாதந்தாங்கிகள் தோள் கொடுக்க, மேலே வாத்தியக்காரர்களோடு அது அசைந்து வரும். நோலா என்ற ஊரிலிருந்து வந்த குடியேறிகள் 1903இல் அதை புரூக்ளினில் தொடங்கினார்கள். நோலாவில் அது புனித பவோலீனோவின் திருவிழா, ஜூன் மாதம் நடக்கும். அங்கே எட்டு கோபுரங்களும் ஒரு படகும் ஊர்வலமாக வரும். நோலா இருப்பது நேப்பிள்ஸுக்குக் கிழக்கே. தவறாமல் மகளைக் கூட்டிப்போன குடும்பம் என்றால் ஊர் நோலாவாகவோ அதன் சுற்றுவட்டாரமாகவோ இருக்கலாம். உறுதி என்று சொல்லமாட்டேன், வில்லியம்ஸ்பர்க்கில் குடியிருந்த மற்ற ஊர் இத்தாலியரும் அந்த விழாவுக்குப் போயிருப்பார்கள். ஆனாலும் முதலில் திறந்து பார்க்க வேண்டிய பதிவேடு எது என்றால் நான் நோலா என்றுதான் சொல்வேன்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. இப்போது நோலா நேப்பிள்ஸ் மாவட்டத்தில் இருக்கிறது. 1927 வரைக்கும் அது தெர்ரா தி லவோரோ என்ற கசெர்த்தா மாவட்டத்தில் இருந்தது. அதனால் 1909இலோ 1919இலோ எழுதிய காகிதத்தில் 'கசெர்த்தா' என்று பார்த்தால் இது நம் ஆள் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். வீட்டில் 'நேப்பிள்ஸ்' என்று சொல்லிவந்ததும் பொய் ஆகாது. கப்பல் அங்கிருந்து புறப்பட்டது, கேட்பவர்களுக்குத் தெரிந்த பெரிய ஊரும் அதுதான்.

மாமியாரிடம் இன்னும் பேசுங்கள். பழைய புகைப்படங்களின் பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரை இருக்கும், அதில் ஊர் பெயர் இருக்கும். ஜெபப் புத்தகத்துக்குள் செருகிய புனிதர் படங்கள், துக்க வீட்டில் கொடுத்த நினைவு அட்டைகள், இத்தாலியிலிருந்து வந்த கடித உறைகள் எதையும் தூக்கிப்போட வேண்டாம். வீட்டில் எந்தப் புனிதரின் படம் மாட்டியிருந்தது, அவர் திருநாள் எந்த மாதம் என்று கேளுங்கள்.

ஊர் தெரிந்த பிறகு, அப்புறம் இத்தாலி. அதற்கும் விமானம் ஏற வேண்டியதில்லை. அந்தெனாத்தி என்பது இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் இலவச இணையதளம். தென்பகுதியில் நெப்போலியன் காலத்தில், 1809இல் தொடங்கிய குடிமைப் பதிவேடுகளின் படங்கள் அதில் ஊர்வாரியாக இருக்கின்றன. பல ஊர்களுக்குப் பெயர் போட்டுத் தேட முடியாது; ஏட்டைப் புரட்டத்தான் வேண்டும். ஆனால் அநேக ஏடுகளின் கடைசியில் அந்த வருடத்துப் பெயர் வரிசை இருக்கும். ஜென்னி 1880களில் பிறந்தவராகத்தான் இருப்பார். மக்கள்தொகைக் கணக்கில் வயது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருந்தால் கலங்காதீர்கள், முன்னும் பின்னும் நாலைந்து வருடம் பாருங்கள். குழந்தையின் அப்பா, அவர் ஊரில் இல்லாவிட்டால் மருத்துவச்சி, இரண்டு சாட்சிகளோடு அலுவலகத்துக்கு வந்து அறிவித்ததாகப் பதிவு இருக்கும். அப்பாவின் வயது, தொழில், வீடு இருந்த தெரு, அம்மாவின் பெயர் எல்லாம் வரும். பெயருக்குப் பின் 'தி' என்று போட்டுத் தகப்பன் பெயர் வந்தால் அந்தத் தகப்பன் உயிரோடு இருக்கிறார்; 'ஃபு' என்று வந்தால் இறந்துவிட்டார். ஓரத்தில் சின்ன எழுத்தில் பின்னாளில் நடந்த கல்யாணத்தின் தேதியும் மாப்பிள்ளையின் பெயரும் எழுதியிருந்தால், கணவர் பெயரோடு ஒத்துப்பார்த்து இவர்தான் என்று முடிவுக்கு வந்துவிடலாம்.

மூத்த மகனின் பிறப்புப் பதிவைப் பார்க்கும்போது ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். 1866 முதல் 1929 வரை இத்தாலியில் கோயில் கல்யாணம் சட்டப்படி செல்லாது. அலுவலகத்தில் தனியாக மணம் செய்ய வேண்டும். கிராமங்களில் கோயிலோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட தம்பதிக்குக் குழந்தை பிறந்து அப்பா பதியப் போனால், 'மணமாகாத, தனக்கு உறவல்லாத ஒரு பெண்ணுக்குப் பிறந்த குழந்தை' என்று எழுதி அம்மாவின் பெயரையே விட்டுவிடுவார்கள். ஊரறியத் தாலி கட்டாத குறையாகக் கோயிலில் மணந்து, ஒரே வீட்டில் குடும்பம் நடத்திய பெண் அவர். மகனின் பதிவில் அந்த வாசகத்தைப் பார்த்தால் மாமியாருக்கு மனது கஷ்டப்படலாம். சட்டத்தின் கோளாறு அது, பாட்டியின் மேல் எந்தக் களங்கமும் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இந்த மாதிரித் தம்பதிகளில் பலர் பின்னால் அலுவலகத்தில் மணம் செய்து, முன்பு பிறந்த குழந்தைகளையும் அந்தப் பதிவிலேயே தங்கள் பிள்ளைகள் என்று சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே கல்யாணப் பதிவு மகன் பிறந்த வருடத்துக்கு முன்னால் கிடைக்காவிட்டால் பின்னாலும் தேடுங்கள், கணவர் கப்பலேறிய மாதம் வரைக்கும்.

கல்யாணப் பதிவு கிடைத்தால் அதோடு கொடுத்த இணைப்புத் தாள்களையும் விடாதீர்கள். அவை தனிக் கட்டாக இருக்கும். அல்லெகாத்தி என்று தேடுங்கள். மணமக்கள் இருவரின் பிறப்புச் சான்றும் அதில் இருக்கும். ஜென்னியைத் தாண்டி அவருடைய பாட்டியின் தலைமுறைக்குப் போய், 1866க்கு முந்தைய ஒரு கல்யாணத்தின் கட்டைத் திறக்க முடிந்தால், மணமக்களின் அப்பா இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்று, சில சமயம் தாத்தாவின் இறப்புச் சான்றுவரை இருக்கும். ஒரே கட்டில் மூன்று தலைமுறை.

மரபணுப் பரிசோதனை செய்வதாக இருந்தால் உங்கள் கணவரைவிட மாமியார் செய்வது நல்லது. ஜென்னிக்கு அவர் ஒரு தலைமுறை நெருக்கம். ஊரும் பெயரும் கிடைத்தபின் அதைச் சரிபார்க்க அது உதவும். இணையத்தில் மற்றவர்கள் போட்டுவைத்திருக்கும் குடும்ப மரங்களிலிருந்து மட்டும் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இணையத்தில் இல்லாத வருடம் என்றால் அந்தக் கொமூனேயின் குடிமைப் பதிவு அலுவலகத்துக்கு எழுதலாம். இத்தாலிய மொழியில், சுருக்கமாக, ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் கேளுங்கள்: பிறந்த வீட்டுப் பெயர், தோராயமான வருடம், அப்பாவின் பெயர். சுருக்கச் சான்று வேண்டாம், ஓரக்குறிப்புகளோடு முழு நகல் வேண்டும் என்று குறிப்பிடுங்கள். குடும்பப் பதிவேட்டில் அந்த வீட்டின் பழைய தாள் இருக்கிறதா என்றும் கேட்கலாம். இருந்தால் அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரும் ஒரே தாளில் வருவார்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம்.

அந்தப் பதில் கையில் வந்தபிறகு பயணத்துக்குத் தேதி பாருங்கள். ஜூன் மாதமாக இருந்தால் நல்லது, மாமியாரால் முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன் கப்பல் பட்டியலின் இரண்டு பக்கமும், 1946 இறப்புச் சான்றிதழும், குடியுரிமை மனுவும் கிடைத்ததும் படங்களை எனக்கு அனுப்பிவையுங்கள். அந்தக் காலத்துக் கையெழுத்து முதலில் மிரட்டும். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.